கருவில் மூளை உருவாவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருவில் மூளை வளர்வதைப் பற்றிப் பேசப் போகும் இடங்களில் எல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. கர்ப்பிணிப் பெண்கள் மாத்திரை பற்றிக் கேட்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் மூளையையும் பிரபஞ்சத்தையும் ஒப்பிட்டுக் கேட்கிறார்கள். பெரியவர்கள் அபிமன்யுவை விடுவதே இல்லை. அவரவர் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

ஒரு கணக்கு மட்டும் முன்னாடியே சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் கர்ப்பத்தைக் கடைசி மாதவிடாய் நாளிலிருந்து எண்ணுவார்கள். கருவின் உண்மையான வயது அதைவிடச் சுமார் இரண்டு வாரம் குறைவு. கீழே "கருவின் வயது" என்று சொன்னால் உண்மையான வயது. வெறுமனே "வாரம்" என்றால் மருத்துவமனைக் கணக்கு.

மூளை எந்த மாசத்துல உருவாக ஆரம்பிக்குது?

கரு உருவான முதல் மாதத்திலேயே. கருவின் வயது மூன்று வாரம் ஆகும்போது அதன் முதுகுப்புறத்தில் செல்கள் தட்டையான ஒரு தகடாகத் திரள்கின்றன. தகட்டின் இரண்டு ஓரங்களும் மேலெழும்பி, வளைந்து, நடுவில் வந்து ஒட்டிக்கொண்டு ஒரு குழலாகின்றன. இதற்கு நரம்புக்குழல் என்று பெயர். முன்பகுதி உப்பி மூளையாகிறது, மீதி தண்டுவடமாகிறது.

கருவின் வயதில் 28ஆம் நாள் வாக்கில் இந்தக் குழலின் இரு முனைகளும் மூடிவிட வேண்டும். அப்போது கருவின் நீளம் அரை சென்டிமீட்டர்தான் இருக்கும். தலைப்பக்கம் மூடாமல் போனால் பெருமூளையும் மண்டையோடும் உருவாவதில்லை, அந்தக் குழந்தை பிழைப்பதில்லை. கீழ்ப்பக்கம் மூடாமல் போனால் முதுகில் தண்டுவடம் திறந்தபடி குழந்தை பிறக்கிறது.

கர்ப்பம்னு தெரிஞ்ச உடனே ஃபோலிக் மாத்திரை ஆரம்பிச்சா போதாதா?

மேலே சொன்ன 28 நாளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் தள்ளிப்போனதைக் கவனித்து, சில நாள் காத்திருந்து, சோதித்துப் பார்த்து, மருத்துவரிடம் போவதற்குள் நரம்புக்குழல் மூடும் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டிருக்கும். அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே, குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே, தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கச் சொல்கிறார்கள்.

இது ஊகத்தில் சொல்வதில்லை. ஏற்கெனவே ஒரு முறை இந்தக் குறையுள்ள குழந்தையைச் சுமந்த பெண்களை வைத்து, ஏழு நாடுகளில் 33 மையங்களில் பிரிட்டன் மருத்துவ ஆய்வு மன்றம் ஒரு சோதனை நடத்தியது. 1991இல் முடிவு வந்தது. தினமும் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களுக்கு அதே குறை மீண்டும் வரும் வாய்ப்பு 72 சதவீதம் குறைந்தது. முந்தைய குழந்தைக்கு இந்தக் குறை இருந்திருந்தால் கூடுதல் அளவு தேவைப்படும் என்பதால், அவர்கள் கண்டிப்பாக முன்கூட்டியே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தாமதமாகத்தான் தெரிந்தது என்றால் பதற வேண்டாம். மாத்திரை எடுக்காத பெண்களிலும் பெரும்பாலோருக்கு நரம்புக்குழல் சரியாகவே மூடுகிறது. தெரிந்த நாளிலிருந்து ஆரம்பியுங்கள். ஃபோலிக் அமிலத்துக்கு அதன் பிறகும் வேலை இருக்கிறது.

தினமும் கீரை, பருப்பு சாப்பிடுறேன். அப்பவும் மாத்திரை வேணுமா?

வேண்டும். கீரையில் இருக்கும் ஃபோலேட் (ஃபோலிக் அமிலத்தின் இயற்கை வடிவம்) வேகவைக்கும்போது கணிசமாக வீணாகிறது. மிஞ்சுவதையும் மாத்திரையில் இருப்பது அளவுக்கு உடம்பு உறிஞ்சுவதில்லை. கீரையை விடவும் வேண்டாம், மாத்திரையை விடவும் வேண்டாம்.

சாப்பாட்டுப் பேச்சு வந்ததால் உப்பையும் சொல்லிவிடுகிறேன். இதை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டிய கேள்வி. கரு மூளையின் வளர்ச்சிக்குத் தைராய்டு ஹார்மோன் தேவை. கர்ப்பத்தின் முதல் பாதியில் அது பெரும்பாலும் அம்மாவிடமிருந்துதான் போகிறது. அதற்கு அயோடின் வேண்டும். உடம்புக்கு நல்லது என்று இந்துப்புக்கும் கல்லுப்புக்கும் மாறியவர்கள் பாக்கெட்டில் "அயோடின் சேர்த்தது" என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கர்ப்ப காலத்திலாவது சாதாரண அயோடின் உப்புக்குத் திரும்பிவிடுங்கள்.

ஒரே செல்லுல இருந்து வந்ததுதானே எல்லாம்? அதுல எது மூளையாகணும்னு யார் சொல்றது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 1924இல் ஜெர்மனியில் ஹான்ஸ் ஷ்பெமானும் அவருடைய மாணவி ஹில்டே மாங்கோல்டும் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். நியூட் என்ற பல்லி போன்ற நீர்நில உயிரியின் கருவில் ஒரு சிறு துணுக்கை வெட்டி எடுத்து, இன்னொரு கருவின் வயிற்றுப்பக்கத்தில் ஒட்டினார்கள். அந்த இடத்தில் வயிற்றுத் தோல் வளர்ந்திருக்க வேண்டும். அங்கே இரண்டாவதாக ஒரு நரம்புக்குழலே உருவானது. அதைவிட ஆச்சரியம், அந்தக் குழலின் பெரும்பகுதி ஒட்டவைத்த துணுக்கிலிருந்து வரவில்லை. பக்கத்தில் இருந்த சாதாரண செல்களே வேலை மாறி நரம்பாகிவிட்டன. ஷ்பெமானுக்கு 1935இல் நோபல் பரிசு கிடைத்தது. மாங்கோல்ட் அதைப் பார்க்கவில்லை. கட்டுரை வெளியான அதே ஆண்டில் ஒரு தீ விபத்தில், இருபதுகளிலேயே, இறந்துபோனார்.

அந்தத் துணுக்கு என்ன சொல்கிறது என்பது புரிய எழுபது வருடம் ஆனது. கருவின் வெளிப்படலத்தில் இருக்கும் செல்கள், சும்மா விட்டால், நரம்பாகும் போக்கு உள்ளவை. பிஎம்பி என்ற புரதம் "தோலாகு" என்று அவற்றைத் தடுத்துக்கொண்டே இருக்கிறது. ஷ்பெமானின் துணுக்கு வெளியிடும் நாகின், கார்டின் போன்ற புரதங்கள் பிஎம்பியைப் பிடித்து முடக்குகின்றன. தடை போன இடத்தில் நரம்பு மண்டலம் உருவாகிறது.

இப்படி அக்கம்பக்கத்தை வழிநடத்தும் செல்கள் மூளைக்குள்ளேயும் இருக்கின்றன. மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் சுபா தோலேவின் குழு எலிக் கருவில் இதைக் காட்டியது. எல்எச்எக்ஸ்2 என்ற மரபணு வேலை செய்யாத சிறு திட்டுகளை மூளைப் புறணியில், அதாவது பெருமூளையின் வெளிப்படலத்தில், உண்டாக்கினார்கள். அந்தத் திட்டுகள் வழிநடத்தும் செல்களாக மாறி, தம்மைச் சுற்றி ஹிப்போகேம்பஸ் என்னும் நினைவுப் பகுதியைக் கூடுதலாக உருவாக்கின.

அப்போ டிஎன்ஏவுல மூளையோட வரைபடம் இருக்குனு சொல்றது தப்பா?

தப்புதான். கணக்குப் போட்டே பார்க்கலாம். நம் மரபுத்தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். நான்கே வகை எழுத்து என்பதால் எழுத்துக்கு இரண்டு பிட். மொத்தம் 750 மெகாபைட், ஒரு திரைப்படக் கோப்பு அளவு. வளர்ந்த மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் என்னும் நரம்புச் செல்கள், அவற்றுக்கு இடையே 100 லட்சம் கோடி அளவில் இணைப்புகள். ஓர் இணைப்புக்கு ஒரே ஒரு பைட் என்று எழுதிவைத்தாலும் டிஎன்ஏவில் இருக்கும் இடத்தைப்போல லட்சம் மடங்குக்கு மேல் வேண்டும். ஒரே மாதிரி இரட்டையர்களின் மூளை மடிப்புகள்கூட அச்சு அசலாக ஒத்துப்போவதில்லை.

டிஎன்ஏவில் இருப்பவை புரதங்களைச் செய்யும் முறையும், அவற்றை எப்போது, எங்கே செய்வது என்ற விதிகளும். "பக்கத்துச் செல் இந்தப் புரதத்தை விட்டால் நீ இதைச் செய்" என்ற மாதிரியான விதிகள். மூளை அந்த விதிகள் ஓடும்போது வரும் விளைவு.

வரைபடமே இல்லாம ஒழுங்கு எப்படி வரும்? கேக்கவே நம்புற மாதிரி இல்லையே?

இங்கேதான் இயற்பியல் உள்ளே வருகிறது. ஒரே சீராக இருக்கும் ஒன்றிலிருந்து வடிவம் எப்படி வருகிறது என்பது இயற்பியலில் பழைய கேள்வி. 1902இல் இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜீன்ஸ் வாயு மேகத்தை எடுத்துக்கொண்டார். ஓரிடத்தில் அடர்த்தி துளியளவு கூடினால் அங்கே ஈர்ப்பு கூடும், இன்னும் வாயு வந்து சேரும், அடர்த்தி இன்னும் கூடும். மேகம் போதிய அளவு பெரிதாக இருந்தால் அழுத்தத்தால் இதைத் தடுக்க முடியாது. பிரபஞ்சத்தில் விண்மீன் மண்டலங்கள் உருவானதன் அடிப்படையும் இதுவே. பெருவெடிப்பிலிருந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்து வெளிப்பட்ட ஒளி இன்றும் வானமெங்கும் நுண்ணலையாக இருக்கிறது. அதில் இடத்துக்கு இடம் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கே வித்தியாசம் என்று கோபே செயற்கைக்கோள் 1992இல் காட்டியது. அந்த வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளின் ஈர்ப்பும் சேர்ந்து, வளர்ந்து வளர்ந்துதான் இன்றைய விண்மீன் மண்டலங்கள்.

1952இல் கணிதவியலாளர் ஆலன் டூரிங் கிட்டத்தட்ட இதே கேள்வியைக் கருவைப் பார்த்துக் கேட்டார். இரண்டு ரசாயனங்கள். ஒன்று தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும், மெதுவாகப் பரவும். மற்றொன்று அதை அடக்கும், வேகமாகப் பரவும். தொடக்கத்தில் எல்லா இடத்திலும் ஒரே அளவு இருந்தாலும், ஏதோ ஓரிடத்தில் வரும் துளி வித்தியாசம் பெருகி, வரிகளும் புள்ளிகளும் தாமாகவே தோன்றும் என்று கணிதத்தில் காட்டினார். பரவல் என்றாலே வித்தியாசத்தை அழிக்கும் என்று நினைத்திருந்த காலத்தில், பரவலே வடிவத்தை உண்டாக்கும் என்றார்! எலிக் கருவில் விரல்கள் பிரிவதிலும், மீன் தோலின் வரிகளிலும் இதற்கு நல்ல ஆதாரம் கிடைத்திருக்கிறது.

ஆனால் நரம்புக்குழலில் முக்கிய வேலை செய்வது வேறொரு முறை. 1969இல் உயிரியலாளர் லூயிஸ் வால்பர்ட் அதைக் கொள்கையாக முன்வைத்தார். குழலின் அடிப்பக்கத்திலிருந்து சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதம் மேல்நோக்கிப் பரவுகிறது. மேற்பக்கத்திலிருந்து முன்பு பார்த்த பிஎம்பி கீழ்நோக்கி வருகிறது. ஒரு செல் தனக்கு எட்டும் அளவை வைத்தே தான் இருக்கும் இடத்தை அறிந்து, தசையை இயக்கும் நியூரானாவதா வேறு ஒன்றாவதா என்று முடிவெடுக்கிறது. இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் வித்தியாசம் ஒன்று உண்டு. எந்த இடத்தில் எந்த விண்மீன் மண்டலம் வரும் என்பது தற்செயல். கருவில் அப்படி விட முடியாது, ஒவ்வொரு முறையும் மூளை தலைப்பக்கமே வர வேண்டும். தற்செயலை அந்த அளவுக்குக் கட்டுக்குள் வைக்கும் விதிகளைக் கோடிக்கணக்கான ஆண்டுப் பரிணாமம் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறது.

பிரபஞ்சமும் மூளையும் ஒரே மாதிரி இருக்குனு ஒரு படம் சுத்துதே, அது உண்மையா?

படத்தின் பின்னால் உண்மையான ஆய்வு இருக்கிறது. 2020இல் இத்தாலியில் ஃபிராங்கோ வாட்சா என்ற வானியற்பியலாளரும், ஆல்பெர்ட்டோ ஃபெலெட்டி என்ற நரம்பியல் அறுவை மருத்துவரும் மூளைத் திசுவின் படங்களையும் விண்மீன் மண்டலங்களின் வலைப்பின்னலின் கணினி மாதிரியையும் ஒரே கணித அளவுகோலால் ஒப்பிட்டார்கள். அளவில் 27 தசமப் படிகள் (ஒன்றுக்குப் பின் 27 சுழியம் போட்ட மடங்கு) வித்தியாசம் இருந்தும், அடர்த்தி ஏறி இறங்கும் விதத்தில் ஒற்றுமை தெரிந்தது.

அதிலிருந்து "பிரபஞ்சம் யோசிக்கிறது" என்று தாவுவதை நான் ஏற்கவில்லை. அந்த ஆய்வும் அப்படிச் சொல்லவில்லை. பிரபஞ்ச வலையை இழுத்துக் கட்டுவது ஈர்ப்பு. நியூரான்களை இணைப்பது ரசாயனமும் மின்துடிப்பும். வேறு வேறு விசைகள் ஒத்த வடிவத்துக்கு இட்டுச்செல்கின்றன என்பதே போதிய அளவு பெரிய செய்தி.

நிமிஷத்துக்கு ரெண்டரை லட்சம் நியூரான் உருவாகுதாமே?

8,600 கோடியை ஒன்பது மாத நிமிடங்களால் வகுத்தால் 2.2 லட்சம் வரும். அப்படி வந்த சராசரி அது. நடப்பது சீராக இல்லை. மொத்த நியூரான்களில் ஐந்தில் நான்கு பங்கு சிறுமூளையில் இருக்கிறது, அவற்றில் பல பிறந்த பிறகும் உருவாகின்றன. பெருமூளைப் புறணியின் 1,600 கோடியில் பெரும்பாலானவை ஏழாம் மாதத்துக்கு முன்பே பிறந்துவிடுகின்றன.

அவை பிறக்கும் இடம் மூளையின் உட்பக்கம், சேர வேண்டிய இடம் மேற்பரப்பு. நீளமான தாங்கு செல்களைப் பற்றிக்கொண்டு ஏறிப் போகின்றன. பின்னால் பிறந்தவை முன்னால் போனவற்றைக் கடந்து இன்னும் மேலே போய் அமர்கின்றன. இந்தக் கட்டம் எவ்வளவு நுட்பமானது என்பது மனித குலத்துக்குக் கொடுமையான வழியில் தெரியவந்தது. ஹிரோஷிமா, நாகசாகி குண்டுவீச்சின்போது கருவில் இருந்தவர்களில், அறிவுத்திறன் பாதிப்பு மிக அதிகமாக இருந்தது கருவின் வயது 8 முதல் 15 வாரம் வரை இருந்தவர்களுக்கு. நியூரான்கள் மும்முரமாகப் பிறந்து ஏறிக்கொண்டிருக்கும் வாரங்கள் அவை. பிரேசிலில் 2015இல் ஜிக்கா வைரஸ் பரவியபோது சிறிய தலையுடன் குழந்தைகள் பிறந்ததற்கும் காரணம், நியூரான்களைப் பெற்றெடுக்கும் மூலச் செல்களை வைரஸ் தாக்கியதே.

மூளையில மடிப்பு எதுக்கு? மடிப்பு அதிகம்னா புத்தி அதிகமா?

சுமார் 2,000 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள புறணி மண்டையோட்டுக்குள் அடங்க வேண்டும், அதற்குத்தான் மடிப்பு. ஐந்தாம் மாதத்தில் கரு மூளை பெரும்பாலும் வழவழப்பாகவே இருக்கும். மடிப்புகளில் அதிகமானவை கடைசி மூன்று மாதத்தில் வருகின்றன. திமிங்கலத்துக்கும் டால்பினுக்கும் நம்மைவிட மடிப்பு அதிகம். அதனால் மடிப்பை எண்ணி அறிவை அளக்க முடியாது.

மடிப்பு எப்படி விழுகிறது என்பதில் ஓர் அழகான சோதனை நடந்திருக்கிறது. சென்னை ஐஐடியில் படித்த எல். மகாதேவன் ஹார்வர்டில் இருந்துகொண்டு, பின்லாந்து, பிரான்ஸ் ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2016இல் வெளியிட்டது. 22 வாரக் கரு மூளையின் எம்ஆர்ஐ படத்தை வைத்து, வழவழப்பான ஒரு ஜெல் மூளையைச் செய்தார்கள். அதன்மேல் மெல்லிய இன்னொரு ஜெல் படலம். அதை ஒரு கரைப்பானில் முக்கியதும் மேற்படலம் உப்பியது, உட்பகுதி அப்படியே இருந்தது. சில நிமிடங்களில் நிஜ மூளையைப் போலவே, ஏறத்தாழ அதே திசைகளில், மடிப்புகள் விழுந்தன. மொச்சையை ஊறவைத்துக் கொஞ்ச நேரத்தில் பார்த்தால் தோல் மட்டும் முதலில் தண்ணீரைக் குடித்துச் சுருக்கம் சுருக்கமாக நிற்குமே, காரணம் அதேதான்: வெளிப்பக்கம் உட்பக்கத்தைவிட வேகமாகப் பெருகுகிறது.

அதற்காக மரபணுவுக்கு வேலையில்லை என்று ஆகிவிடாது. எல்ஐஎஸ்1 என்ற மரபணுவில் பழுது இருந்தால் நியூரான்கள் மேலே ஏறிவர முடியாமல் மூளை வழவழப்பாகவே நின்றுவிடும். புறணியை வளர்ப்பது மரபணு, வளர்ந்ததை மடிப்பது இயற்பியல்.

வயித்துல இருக்கற குழந்தைக்குக் கேக்குமா? அபிமன்யு கதை நிஜமா நடக்குமா?

கேட்கும். 25 வாரத்தை ஒட்டி ஒலிக்கு அசைவும் இதயத் துடிப்பு மாற்றமும் தெரிய ஆரம்பிக்கும். ஏழாம் மாத வளைகாப்புக்குள் குழந்தையின் செவி வேலை செய்யத் தொடங்கியிருக்கும். ஆனால் அம்மாவின் உடம்பு கூர்மையான ஒலிகளை நன்றாக மட்டுப்படுத்திவிடும். கனமான ஒலிகளும், உடம்பு வழியாகவே போகும் அம்மாவின் குரலும்தான் தெளிவாகச் சேரும்.

பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள் பிற பெண்களின் குரலைவிட அம்மாவின் குரலைக் கேட்க விரும்புகின்றன என்று 1980இல் ஆந்தனி டிகாஸ்பரும் வில்லியம் ஃபைஃபரும் காட்டினார்கள். குழந்தை சப்பும் வேகத்துக்கு ஏற்ப ஒலிநாடா மாறும்படி வைத்து அளந்தார்கள். 1986இல் நடந்த அடுத்த ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரம் அம்மா உரக்கப் படித்த கதையைக் குழந்தை பிறந்த பிறகு அடையாளம் கண்டது. குழந்தைக்குப் பழகுவது குரலின் ஏற்ற இறக்கமும் தாளமும். சக்கரவியூகத்துக்குள் நுழையும் வழியோ வாய்ப்பாடோ மனதில் ஏறாது. வயிற்றில் ஹெட்ஃபோன் ஒட்ட வேண்டாம், நீங்கள் பேசுங்கள், பாடுங்கள், அது போதும்.

கண்ணால எதையும் பாக்காத குழந்தைக்கு, பாக்கற நரம்பெல்லாம் எப்படி சரியா இணையுது?

வெளிச்சம் வருவதற்கு முன்பே விழித்திரை தானாகவே மின்துடிப்பு அலைகளை எழுப்புகிறது. ஃபெரட் என்ற கீரி போன்ற விலங்கின் விழித்திரையில் இதை 1991இல் கார்லா ஷாட்ஸின் குழு பதிவு செய்தது. அலை கடக்கும்போது பக்கத்துப் பக்கத்துச் செல்கள் சேர்ந்து துடிக்கின்றன. சேர்ந்து துடிப்பவற்றின் இணைப்பு மூளையில் பலப்படுகிறது, தனியே துடிப்பவற்றுடையது விட்டுப்போகிறது. டிஎன்ஏவில் எழுத இடமில்லாத இணைப்புகள் எப்படி அமைகின்றன என்பதற்குப் பதிலில் ஒரு பகுதி இது.

இன்னொரு பகுதி, தேவைக்கு மேல் உண்டாக்கிக் குறைப்பது. நரம்பு மண்டலத்தின் பல பகுதிகளில் பிறக்கும் நியூரான்களில் பாதிவரை வளர்ச்சிக் காலத்திலேயே இறந்துவிடுகின்றன. இலக்கைப் போய்ச் சேர்ந்து அங்கிருந்து வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தைப் பெற்றவை பிழைக்கின்றன. யூதர் என்பதால், இத்தாலியில் முசோலினியின் இனச் சட்டத்தால் வேலை செய்ய முடியாமல் போன ரீட்டா லெவி-மொன்டால்சினி, வீட்டுப் படுக்கையறையில் கோழிக் கருவை வைத்து ஆராயத் தொடங்கியது இந்தப் புதிரைத்தான். 1986இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆய்வகத்துல குட்டி மூளை வளக்கறாங்களாமே? அது யோசிக்குமா?

2013இல் வியன்னாவில் மேட்லின் லங்காஸ்டரும் யூர்கன் நோப்ளிக்கும் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய மனித ஸ்டெம் செல்களிலிருந்து 4 மில்லிமீட்டர் வரையிலான மூளைத் திசு உருண்டைகளை வளர்த்தார்கள். யாரும் வரைபடம் கொடுக்காமலே அவற்றில் மூளையின் சில பகுதிகள் தாமாக அமைந்தன. ஜிக்கா எந்தச் செல்லைத் தாக்குகிறது என்பதை உறுதிப்படுத்த இவை பெரிதும் உதவின.

இவற்றில் பொதுவாக ரத்தக் குழாய் கிடையாது, கண்ணோ காதோ தரும் தகவல் கிடையாது, ஒழுங்கான முழு அமைப்பும் கிடையாது. சிசுவிலேயே, உடம்பிலிருந்து வரும் உணர்வுச் செய்திகளைப் புறணிக்குக் கொண்டுசேர்க்கும் நரம்பிழைகள் 24 வாரத்தை ஒட்டித்தான் போய்ச் சேர்கின்றன. இன்றைய உருண்டைகள் யோசிக்கின்றன என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் அவை வருடத்துக்கு வருடம் சிக்கலாகி வருகின்றன. எங்கே நிறுத்துவது என்ற விதிகளை இப்போதே வகுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நிஜமான மனிதக் கரு மூளையை யாராவது முழுசா படம் எடுத்திருக்காங்களா?

எடுத்திருக்கிறார்கள், சென்னையிலேயே. ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் "தரணி" என்ற தொகுப்பை வெளியிட்டது. கர்ப்பத்தின் நடு மூன்று மாதத்தைச் சேர்ந்த ஐந்து மூளைகள், செல் அளவுக்குத் தெரியும் 5,132 வெட்டுப் படங்கள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். நியூரான்கள் மேலே ஏறும் அந்தப் பயணத்தைப் பற்றிப் படித்துவிட்டு இந்தப் படங்களைத் திறந்து பாருங்கள்.

எங்க பொண்ணு பிளஸ் ஒன் போறா. இந்த ஆராய்ச்சிக்கு எந்த குரூப் எடுக்கணும்?

கணிதமும் உயிரியலும் சேர்ந்த பாடப்பிரிவு கிடைத்தால் அதையே எடுக்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டாலும் கதவு மூடிவிடாது. டூரிங் கணிதவியலாளர், ஜீன்ஸ் இயற்பியலாளர், மகாதேவன் படித்தது பொறியியல், லெவி-மொன்டால்சினி படித்தது மருத்துவம். சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தில் கோட்பாட்டு இயற்பியலும் கணக்கீட்டு உயிரியலும் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. அங்கே பொதுமக்களுக்கான அறிவியல் உரைகளும் நடப்பதுண்டு. ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள்.